ரெண்டு நிறக் குதிரையில் போகிறவரே

கில்நப்ராக் வட்டாரச் சுகாதார வாரியத்தில் மாலக்கி டெவனி தற்காலிக ஆய்வாளராகச் சேர்ந்து ஏழு வருஷம் முடிந்திருந்தது. அந்த ஏழு வருஷத்தில் அவர் வாரியத்துக்கு ஆற்றிய தொண்டு கொஞ்சநஞ்சமல்ல. கிணறுகளை எட்டிப் பார்த்தார். பன்றிக் கொட்டில்களை மோந்து பார்த்தார். பார்த்ததையும் மோந்ததையும் மூன்று படிகளில் எழுதி மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் அதைக் கட்டி அலமாரியில் வைத்தார்கள். இப்படியாக அயர்லாந்தின் அந்த மூலையில் மக்கள் நலம் பேணப்பட்டு வந்தது.

டெவனிக்கு இருந்தது ஒரே ஆசை. வேலை நிரந்தரமாக வேண்டும். அது ஆனால்தான் வின்னி கெராட்டியைக் கல்யாணம் செய்துகொள்வதாக அவர் சபதம் செய்திருந்தார். வின்னிக்குத் தகப்பன் விட்டுப்போன கடை ஒன்று இருந்தது. மாவு, தேயிலை, உப்புப் போட்ட பன்றி இறைச்சி, விளக்குக்கு எண்ணெய், எல்லாம் கிடைக்கும். கடையின் ஒரு மூலையில் மட்டும் மரச்சட்டம் அடித்துக் கம்பி போட்டிருக்கும். கம்பிக்கு அந்தப் பக்கம் அரசாங்கத் தபால் நிலையம், இந்தப் பக்கம் மாவுக்கடை. இரண்டுக்கும் வின்னிதான். ஏழு வருஷமாக அவள் விரலில் நிச்சயதார்த்த மோதிரம் இருந்தது. மோதிரத்துக்கு அடியில் தோல் வெளுத்துப் போயிருந்தது.

"எனக்கு ஒண்ணும் நிரந்தரம் வேண்டாம், மாலக்கி. கடை இருக்கு, கை இருக்கு. நீ வந்தா போதும்," என்று அவள் பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

"தற்காலிகப் புருஷன்னு ஊர் சிரிக்கும், வின்னி."

"ஏழு வருஷ மாப்பிள்ளைன்னு இப்பவே சிரிச்சுக்கிட்டுதான் இருக்கு. இந்த மே மாசம் முடியட்டும். அப்பவும் இப்படியே நின்னேன்னா மோதிரத்தைக் கழட்டி உன் பேருக்கே தபால்ல போட்டுடுவேன். பதிவுத் தபால்."

இந்த நிலைமையில்தான் பிப்ரவரி மாதம் டப்ளினில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நாட்டுப்புறங்களில் மக்கள் உரிய அனுமதி பெறாமல் குணமாகி வருவது தலைமை அலுவலகத்தின் கவனத்துக்கு வந்திருப்பதாகவும், இந்தப் போக்கை உடனே தடுத்து நிறுத்த வேண்டும் என்றும் அது கூறியது. பொறுப்பு மேற்பார்வையாளர் பிரெண்டர்காஸ்ட் அதை நின்றுகொண்டே படித்தார். டப்ளினில் இருந்து வருவதை உட்கார்ந்து படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"என்னய்யா டெவனி, நம்ம ஜனங்க எப்படிக் குணமாகறாங்க?"

"பல விதமா ஆகறாங்க, சார். மரு வந்தா நத்தையை எடுத்துத் தேய்ச்சு, அதை முள்ளுல குத்தி வைக்கறாங்க. நத்தை காயக் காய மரு உதிருதாம். தொண்டை வலின்னா உப்பை வறுத்துக் காலுறையில போட்டுக் கழுத்துல சுத்திக்கறாங்க. குழந்தைக்குக் கக்குவான் வந்தா கழுதை வயித்துக்கு அடியில மூணு தடவை விட்டு எடுக்கறாங்க. வாதத்துக்குப் பச்சை உருளைக்கிழங்கை எப்பவும் பாக்கெட்டுல..."

பிரெண்டர்காஸ்ட்டின் கை தன் கோட்டுப் பையைப் பொத்தியது. உள்ளே ஓர் உருளைக்கிழங்கு இருந்தது. நான்கு மாதமாக இருந்ததில் கறுத்துக் கல்லாகியிருந்தது.

"இது என் மத்தியானச் சாப்பாடு," என்றார், யாரும் கேட்காமலே. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாத்தையும் ஒழிக்கணும்யா. ஒழிச்சுக் காட்டற ஆய்வாளரை நிரந்தரம் பண்றதாப் போட்டிருக்கு. மே இருபதாம் தேதி குழு கூடுது."

டெவனி அன்றே கிளம்பியிருப்பார். ஆனால் அதே தபாலில் இன்னொரு சுற்றறிக்கையும் வந்திருந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க வேண்டும், எனவே ஆய்வாளர்களின் மோட்டார் சைக்கிள்களை வாங்கி வைத்துக்கொண்டு குதிரை தர வேண்டும். குதிரை வாங்க வாரியம் விளம்பரம் செய்தது. மற்ற குதிரைகளுக்கு ஏகப்பட்ட பேரம் நடந்தது. ஒரே ஒரு விவசாயி மட்டும், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கடிவாளத்தைக் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். வாரியம் அந்தக் குதிரையை எடுத்துக்கொண்டது. ஒன்பது வயது. நல்ல உடம்பு. பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

"சார், குதிரை ரெண்டு நிறமா இருக்கு," என்றார் டெவனி, முகம் வெளிறி.

"ரிஜிஸ்தர்ல பாரும். குதிரை ஒண்ணுன்னு இருக்கு. நிறத்துக்குக் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாத ஒண்ணு இருக்க முடியாதுய்யா."

இரண்டு நிறக் குதிரையில் போகிறவனை வழிமறித்து நோய்க்கு மருந்து கேட்டால், அவன் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை எதுவோ அதுதான் மருந்து. இது கில்நப்ராக்கில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். குதிரையைத் தள்ளிவிட்டுப் போன விவசாயி கடைசியாகச் சந்தைக்குப் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆனது. வழியில் இருபத்திரண்டு பேருக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் குதிரையின் மேல் ஏறித்தான் நாட்டு வைத்தியத்தை ஒழிக்க அரசாங்கம் புறப்பட்டது.

முதல் நாள், நாலு பாதைகள் கூடும் இடத்தில் டீலியா கோனடி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய ஐந்து வயது மகள் ஆறு வாரமாக இருமிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நிறக் குதிரையில போறவரே, கக்குவானுக்கு என்ன மருந்து?"

டெவனி நல்லவர். ஒரு சொற்பொழிவையே மனதில் தயார் செய்து வைத்திருந்தார். ஆனால் ஏழு வருஷமாக யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் தானாக வந்து விழும் பதில் ஒன்று உண்டு. கேள்வி காதில் விழுந்ததும் அது விழுந்துவிட்டது.

"அப்ளிகேஷன் எழுதி மூணு காப்பி ஆபீசுக்கு அனுப்புங்க."

பிறகுதான் மூடப்பழக்கம், அறிவியல், நாட்டின் எதிர்காலம் எல்லாம் பேசினார். கேட்க அங்கே டீலியா இல்லை. அவள் பாதி தூரம் ஓடிவிட்டிருந்தாள்.

"ஒரு நன்றிகூடச் சொல்லாமப் போறாளே!" என்றார் டெவனி.

வரப்போரம் கல் அடுக்கிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "நன்றி சொன்னா போன நோய் திரும்பி வந்துடும், இன்ஸ்பெக்டர் ஐயா. தயவுபண்ணிச் சொல்லுங்கன்னும் கேக்கக் கூடாது. படிச்சவரு, இதுகூடவா தெரியல?"

டீலியா மூன்று படிகள் எழுதினாள். கை வலிக்க எழுதினாள். வின்னி கடையில் முத்திரை குத்தி அனுப்பினாள். விண்ணப்பம் வந்தால் ஒப்புதல் அனுப்பியே தீர வேண்டும் என்பது விதி. ஆகவே, தங்கள் மகளின் இருமல் தொடர்பான விண்ணப்பம் பெறப்பட்டது, அது பரிசீலனையில் உள்ளது என்று வாரியம் பதில் போட்டது. பரிசீலனையில் இருக்கும்போதே இருமல் நின்றுவிட்டது. ஆறேழு வாரம் ஆனால் கக்குவான் தானாகவே போகும் என்று டாக்டர் ஹெஷன் எடுத்துச் சொன்னார். அவர் பேச்சை யாரும் மதிக்கவில்லை. அவரிடம் இருந்தது சைக்கிள்.

கோரிக்கை முழுதும் நிறைவேறிற்று என்று எழுதிக் கோப்பு மூடப்பட்டது. வாரியத்தின் வரலாற்றில் அப்படி மூடப்பட்ட முதல் கோப்பு அதுதான். பிரெண்டர்காஸ்ட் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி இருந்தார். கண் கலங்கியிருந்தது.

அடுத்த வாரத்தில் இருந்து டெவனியால் நிம்மதியாக ஒரு மைல் போக முடியவில்லை. எதுவும் சொல்லக் கூடாது என்று ஒரு நாள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டவர்கள் கவனமாகப் பார்த்துவிட்டுப் போய், அவர்களும் ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்தார்கள். நான்கு வீடுகளில் தலைவலி போய்விட்டது. அதில் ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் சமாதானமாகிவிட்டார்கள். இடுப்பு வலி என்று வந்த ஒருவனிடம் எரிச்சலில், "போய் ஏரியில விழு," என்றார். அவன் போய் விழுந்தான். மார்ச் மாதத்து ஏரித் தண்ணீர். எழுந்து ஓடி வந்தவனுக்கு இடுப்பு நிமிர்ந்திருந்தது. அன்று மாலைக்குள் பதினோரு பேர் விழுந்தார்கள்.

விஷயம் கைமீறிப் போவதைக் கண்ட பிரெண்டர்காஸ்ட், அரசாங்கத்துக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்க முடியும் என்று உத்தரவு போட்டார். யார் என்ன நோய் என்று கேட்டாலும், "டாக்டர்கிட்ட போங்க," என்று மட்டும் டெவனி சொல்ல வேண்டும். இதைவிட நல்ல உத்தரவு இருக்க முடியாது. மூன்றாம் நாள் டாக்டர் ஹெஷன் தொப்பியை மேஜை மேல் எறிந்தார்.

"நேத்து மட்டும் நாப்பது பேர், பிரெண்டர்காஸ்ட்! வாசல் வரைக்கும் வர்றாங்க. தொப்பியைக் கழட்டறாங்க. திரும்பிப் போயிடறாங்க. ஒருத்தியைப் பிடிச்சு நாக்கை நீட்டுன்னேன். என்ன சொன்னா தெரியுமா? போகச் சொல்லித்தான் உத்தரவு டாக்டர், வைத்தியம் பண்ணிக்கச் சொல்லல, ரெண்டையும் கலந்தா கெட்டுடும்னா."

"குணமாச்சா?"

"ஆயிடுச்சு! அதுதான்யா என் வயித்தெரிச்சல்."

"குணமானதுக்கு எங்ககிட்ட எழுத்து மூலமா என்ன ஆதாரம்?"

ஆதாரம் எதுவும் இல்லை. நாற்பது பேர் பதிவே இல்லாமல் குணமாகியிருந்தார்கள். இது மிகவும் ஆபத்தான போக்கு என்று பிரெண்டர்காஸ்ட் கருதினார். பழையபடி மூன்று படி விண்ணப்பமே நல்லது என்று முடிவாயிற்று. அதிலாவது கணக்கு நிற்கும்.

கணக்கு நின்றது. ஏப்ரல் கடைசியில் டப்ளினுக்குப் போன காலாண்டு அறிக்கையைப் போல ஓர் அறிக்கை அதற்கு முன் எழுதப்பட்டதில்லை. இவ்வட்டாரத்தில் அனுமதி பெறாத வைத்தியம் அடியோடு ஒழிந்தது. இப்போது மக்கள் அனைவரும் வாரியத்துக்கு விண்ணப்பித்த பிறகே குணமாகின்றனர். நத்தைகளுக்கும் கழுதைகளுக்கும் இடையூறு ஏதும் இல்லை. பெறப்பட்ட நோய்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு, தீர்க்கப்பட்டவை இருநூற்றுத் தொண்ணூறு, மீதி பரிசீலனையில். இந்தச் சாதனையைப் பாதுகாக்கும் பொருட்டு, தனியார் எவரும் இரண்டு நிறக் குதிரையில் சாலையில் வரக் கூடாது என்றும் வாரியம் தடை போட்டிருந்தது. ஊர் ஊராகப் போய்த் தகரப் பாத்திரங்களுக்கு ஓட்டை அடைக்கிறவர்கள் தங்கள் இரண்டு நிறக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு அடுத்த வட்டாரத்துக்குப் போய்விட்டார்கள். கில்நப்ராக்கில் மிஞ்சிய இரண்டு நிறக் குதிரை அரசாங்கக் குதிரை ஒன்றுதான்.

"நிச்சயமாயிடுச்சு, வின்னி. இருபதாம் தேதி கையெழுத்து," என்று டெவனி கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னார்.

வின்னி தேயிலை நிறுத்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மே ஐந்தாம் தேதி டெவனிக்கு லேசாக இருமல் வந்தது. ஏழாம் தேதி அது லேசாக இல்லை. இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது கூவல் ஒன்று வந்தது. டாக்டர் ஹெஷன் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஆனந்தத்தை மறைத்துக்கொள்ள மிகவும் சிரமப்பட்டார்.

"கக்குவான். சந்தேகமே இல்ல. வீடு வீடாப் போய் யார் குழந்தை மூஞ்சியிலயாவது இருமல் வாங்கியிருப்பீங்க. போகும், ஆறேழு வாரத்துல."

"எனக்கு பதிமூணு நாள்தான் இருக்கு!"

இருபதாம் தேதிக்குள் இருமல் போயாக வேண்டும். தொற்றுநோய் உள்ள சுகாதார ஆய்வாளரை நிரந்தரம் செய்யக் கூடாது என்று விதி இருந்தது. அந்த விதியைக் குழுவுக்கு நினைவுபடுத்தி மூன்று படிகளில் எழுதியவரே டெவனிதான், நாலு வருஷத்துக்கு முன்னால். டாக்டரின் மருந்தைக் குடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. உப்பை வறுத்துக் கழுத்தில் சுற்றினார். கழுத்துதான் வெந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் பூசைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, கழுதை ஒன்றின் வயிற்றுக்கு அடியில் நுழைந்தார். முதல் முறை நன்றாக நடந்தது. இரண்டாம் முறையும் பரவாயில்லை. மூன்றாம் முறை கழுதை உட்கார்ந்துவிட்டது.

வின்னி அவருடைய கோட்டைத் தட்டிவிட்டாள். "ஊருக்கெல்லாம் மருந்து சொல்ற குதிரை உன் கொல்லையில நிக்குது. அதை விட்டுட்டுக் கழுதைகிட்ட போயிருக்கியே."

"அது மேல ஏறிப் போறவனே நான்தானே, வின்னி! என்னை நானே எப்படி வழிமறிக்கறது?"

"வேற யாராவது ஏறட்டும்."

"அரசாங்கக் குதிரையில அரசாங்க ஊழியர்தான் ஏறணும்."

வின்னி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். "இங்க நின்னா நான் யாரு?"

பிரெண்டர்காஸ்ட் இதை நீண்ட நேரம் யோசித்தார். குதிரையில் ஏறுவது பெண் என்றால் மருந்து பலிக்குமா என்று கிழவர்களைக் கேட்டார். குதிரைதான் முக்கியம், மேலே கால்சட்டை இருந்தால் என்ன, பாவாடை இருந்தால் என்ன என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதன் பேரில் ஒரு நாளைக்கு மட்டும் செல்வி கெராட்டியைத் தற்காலிகக் குதிரையாளராக நியமித்து உத்தரவு போட்டார். மேலும் அரசாங்க ஊழியர் ஒருவர் இன்னொரு அரசாங்க ஊழியருக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாது என்பதால், அவள் சொல்ல வேண்டிய பதிலையும் அவரே தயாரித்தார்.

பதினொன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு நாலு பாதை கூடும் இடத்தில் ஊரே நின்றது. டீலியா மகளையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். டாக்டர் சைக்கிளில் சாய்ந்து, வேறு வேலையாக வந்தவரைப் போல நின்றார். வின்னி குதிரை மேல் வந்தாள். டெவனி கடிவாளத்தைப் பிடித்தார். ஆனால் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால், கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு காகிதத்தை எடுத்து மேலே நீட்டினார்.

"என்ன இது?" என்று வின்னி பார்வையாலேயே கேட்டாள். வாய் திறக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

"நீ சொல்ல வேண்டியது. ஆபீஸ்ல அங்கீகரிச்சது. நான் அப்ளிகேஷன் எழுதி மூணு காப்பி அனுப்பணும்னு இருக்கு. அப்படியே படி. கீழ கையெழுத்துப் போடணும், மூணு இடத்துல." இருமினார். கூவினார். மூச்சு வாங்கினார். "ரெண்டு நிறக் குதிரையில போறவளே, கக்குவானுக்கு என்ன மருந்து?"

வின்னி காகிதத்தைப் பார்த்தாள். அதில் அடித்திருந்த முத்திரையைப் பார்த்தாள். கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடங்களையும், கீழே நின்ற ஆளையும் பார்த்தாள். ஏழு வருஷம் அவள் தொண்டைக்கு வந்தது.

"அந்த வேலையை விட்டுத் தொலை, மாலக்கி!"

டீலியா மெல்லச் சொன்னாள்: "சொல்லியாச்சு. இனி மாத்த முடியாது."

"அது மருந்து இல்ல, கோவத்துல சொன்னது!" என்று டெவனி கத்தினார்.

"ஏரியில விழச் சொன்னதும் கோவத்துலதான்," என்றான் இடுப்பு நிமிர்ந்தவன்.

வின்னிக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வந்ததுதான் வந்தோம் என்று வரிசையில் நின்ற பதினேழு பேரும் அவளிடமே மருந்து கேட்டார்கள். போய்த் தூங்கு, ஜன்னலைத் திறந்து வை, ஊர்வம்பை நிறுத்து, உன் தம்பியை வீட்டை விட்டு அனுப்பு என்று அவள் ஒரே மூச்சில் பதினேழு பேருக்கும் சொல்லிவிட்டுக் குதிரையை ஓட்டிக்கொண்டு போனாள். மறுநாள் பொழுது விடிவதற்குள் பதினேழு பேரும் தேறினார்கள். டெவனி மட்டும் தேறவில்லை. அவர் மருந்தைச் சாப்பிடவில்லை.

வேலையை விடுவதா? ஏழு வருஷம் காத்திருந்த வேலையை, இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது? வீட்டில் படுத்து ஒன்பது நாளும் இருமினார். அந்த ஒன்பது நாளும் குதிரை கொல்லையில் புல் தின்றது. ஊரில் ஒருவருக்கும் எதுவும் குணமாகவில்லை.

இருபதாம் தேதி டப்ளினில் குழு கூடியது. மூன்று கனவான்கள். தொற்றுக்குப் பயந்து டெவனியைக் கீழே தெருவிலேயே நிறுத்தினார்கள். ஜன்னலைத் திறந்து கேள்வி கேட்டார்கள். பதில் மேலே வந்து சேர்வதற்குள் ஜன்னலை மூடிக்கொண்டார்கள். இப்படியாக மிகவும் முறைப்படி ஒரு மணி நேரம் நேர்காணல் நடந்தது. பிறகு அவர்கள் கில்நப்ராக்கின் அறிக்கையையும், மே மாதத்துக்குப் பிரெண்டர்காஸ்ட் நாள்வாரியாக எழுதி அனுப்பியிருந்த கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள்.

உத்தரவு வின்னியின் கம்பி வழியாகத்தான் வந்தது. டெவனி அதைக் கடையிலேயே பிரித்தார். வின்னி கம்பிக்கு அந்தப் பக்கம் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மோதிரம் இன்னும் விரலில்தான் இருந்தது. மே முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது.

"மேற்படி வட்டாரத்தில் ஆய்வாளர் டெவனி பணியில் இருந்த நாட்களில் நோய்கள் தீர்ந்துள்ளன. செல்வி கெராட்டி பணியில் இருந்த ஒரு நாளிலும் அதே விகிதத்தில் தீர்ந்துள்ளன. குதிரை பணியில் இல்லாத ஒன்பது நாட்களில் எந்த நோயும் தீரவில்லை. இதிலிருந்து உண்மையில் கடமையாற்றி வருபவர் யார் என்பது குழுவுக்கு ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வருகிறது. எனவே மேற்படி குதிரை ஆய்வாளர் பதவியில் நிரந்தரம் செய்யப்படுகிறது. ஓய்வு பெறும் வயது அறுபத்தைந்து. நிரந்தர ஆய்வாளர் கிடைத்துவிட்டபடியால் தற்காலிக ஆய்வாளர் டெவனியின் பதவி இன்றுடன் முடிவடைகிறது. வேறு நிரந்தர ஊழியர் எவரும் இல்லாத இடத்தில் நிரந்தர ஊழியரே அலுவலகத் தலைவர் என்பதையும் இதன்மூலம் நினைவூட்டுகிறோம்."

டெவனி ஒருமுறை படித்தார். மறுமுறை படித்தார். வயிற்றிலிருந்து ஏதோ எழுந்து தொண்டைக்கு வந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். அவர் வாயைத் திறந்தார்.

இருமல் வரவில்லை.

கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். மூச்சை இழுத்து விட்டார். கூவல் இல்லை. கோதுமை மாவின் வாசனை மூக்கில் ஏறியது. மூன்று வாரமாக அவருக்கு எந்த வாசனையும் தெரிந்திருக்கவில்லை.

அந்த நேரம் வாசலில் குளம்புச் சத்தம் கேட்டது. பத்தொன்பது வருஷமாகப் பொறுப்பு மேற்பார்வையாளராக இருந்துவந்த பிரெண்டர்காஸ்ட், தன் புதிய மேலதிகாரியின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்து நின்றார். குதிரை கழுத்தை வளைத்து அவருடைய கோட்டுப் பைக்குள் மூக்கை விட்டது. கறுத்துப்போன உருளைக்கிழங்கை எடுத்துக் கடக்மொடக்கென்று தின்றது.

"ஐயாவோட மத்தியானச் சாப்பாடு," என்றார் பிரெண்டர்காஸ்ட், பணிவாக. ஒரு கை முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது. "டெவனி, உம்ம வேலை முடிஞ்சதுன்னு உத்தரவு வந்ததுமே இந்தக் காலாண்டு அறிக்கையில உம்ம இருமலையும் சேர்த்தாச்சு. கக்குவான் ஒண்ணு, தீர்ந்தது. தீர்த்தவர்ங்கற இடத்துல குதிரைன்னு போட்டிருக்கேன். ஆட்சேபணை இருந்தா மூணு காப்பி எழுதும்."

டெவனிக்கு ஆட்சேபணை இல்லை. உத்தரவை மடித்து மாவு மூட்டை மேல் வைத்துவிட்டு, கம்பியைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். ஏழு வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. வின்னியின் கையைப் பிடித்தார். கண்ணில் நீர் முட்டியது.

"வின்னி, உனக்கு நான் எப்படி நன்..."

வின்னி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள்.

"வாயை மூடு! நன்றி சொல்லித் தொலைச்சிடாதே. திரும்பி வந்துடும்."

"எது, இருமலா?" என்றார் அவர், விரல் இடுக்கு வழியாக.

"இல்ல. வேலை."